வாடகைக் காரில் வேப்பந்தட்டைக்கு

வேப்பந்தட்டையில் உறவினர் வீட்டுக் கல்யாணமா? நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ ஓட்டிப் போக வாடகைக் கார் எடுக்க உத்தேசமா? பணம் கொடுக்குமுன் நம்பர் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். 'தெரிந்தவர் வண்டி, வாடகை குறைச்சல்' என்று வெள்ளைப் பலகைக் கார் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நேர்ந்தால், மிச்சம் பிடித்தது போய் நகை நட்டையும் விற்க நேரிடும்.

காரில் ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல்களைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் உண்டா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.

பெரம்பலூரில் நாற்கரச் சாலையை விட்டு ஆத்தூர் ரோட்டில் திரும்பியதும் நிதானம் தேவை. மக்காச்சோள அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே மணிகளைக் காயப் போட்டிருப்பார்கள். சக்கரம் வழுக்கும், காவலிருக்கும் பாட்டியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்!

பின் ஸீட்டிலும் பெல்ட் அவசியம். 2019-ஆம் வருஷத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், திடீரென்று பிரேக் போட்டால், எத்தனை இறுக அணைத்திருந்தாலும் தாய்மடி தாங்காது, சகோதரிகளே!