சிலிக்கான் ட்யூபை கீழே வைங்க சாமி!

பழைய பிக்கப் வச்சிருக்கிற மக்களே, கேபினுக்குள்ள தண்ணி வந்தா உடனே சிலிக்கான் வாங்க ஓடாதீங்க. நான் ஓடினேன். சியாட்டில் மழையில டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட் நனைஞ்சுகிட்டே இருந்துச்சு. பின்கண்ணாடியைச் சுத்தி ரெண்டு ட்யூப் அப்பினேன். அடுத்த மழைக்கும் அதே குளம். பூஞ்சை நாத்தம் தாங்காம தங்கமணி, "பாப்பாவை இனிமே இதுல ஏத்தாதீங்க"ன்னுட்டாங்க.

ஆபீஸ்ல லாக் பார்க்காம ப்ரோகிராமை மாத்துறவனைத் திட்டுறவன் நான். (ஹி ஹி) தண்ணி தேங்குற இடம் வேற, நுழையுற இடம் வேற. அதைக் கண்டுபிடிக்காம அப்புறது வேலையே இல்லை.

சனிக்கிழமை சீட்டைக் கழட்டி, கார்பெட்டைத் தூக்கி, பின்சுவர் பேனலையும் எடுத்து எல்லாத்தையும் காயவச்சோம். தங்கமணி டார்ச்சோட உள்ளே, நான் ஹோஸ் பைப்போட வெளியே. கீழேர்ந்து மேலே, ஒவ்வொரு இடமா அஞ்சு நிமிஷம். மேலேர்ந்து ஆரம்பிச்சா மொத்தமும் நனைஞ்சு எது ஓட்டைன்னே தெரியாது. பீய்ச்சி அடிக்கவும் கூடாது, மழை மாதிரி விடணும். கண்ணாடி வரைக்கும் ஒண்ணுமில்லை. கேபின் உச்சியில இருக்கிற மூணாவது பிரேக் லைட்டுக்கு வந்ததும் உள்ளேர்ந்து "வருது, வருது!"

லைட்டுக்குப் பின்னாடி கேஸ்கட் நசுங்கி சப்பையா கிடந்துச்சு. தண்ணி அங்கே நுழைஞ்சு, பின்சுவருக்குள்ளேயே இறங்கி, கார்பெட் அடியில தேங்கியிருக்கு. புது கேஸ்கட் மாட்ட அரைமணி நேரம். நான் அப்பின சிலிக்கானைச் சுரண்ட ஒரு நாள்!

(முன்பக்கம் நனைஞ்சா வைப்பருக்குக் கீழே இலை அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க.)

கார்பெட்டை இன்னும் திருப்பிப் போடலை. ரெண்டு மழை பார்த்துட்டுத்தான்னு தங்கமணி உத்தரவு.