அழிக்க இயலாத கோடு

நுழையும்முன்

பேனாவால் ஓவியம் வரைந்து, வரையும் முறையைக் காணொலியாக இணையத்தில் பகிரும் ஆர்வம் மாணவர் பலரிடம் காணப்படுகிறது. அக்காணொலி எவ்வாறு அமைதல் வேண்டும், எம்மொழியில் அமைதல் நன்று என்பனவற்றை ஆராய்கிறது இக்கருத்துக் கட்டுரை.

பென்சில் கோடு பிழைத்தால் ரப்பர் கொண்டு அழிக்கலாம். பேனாக் கோட்டுக்கு அவ்வசதி இல்லை. தாளில் பதிந்த மை பதிந்ததே. பேனா ஓவியத்தில் சாம்பல் நிறமும் தனியே இல்லை. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே உண்டு. கோடுகளை இடைவெளிவிட்டு இழுத்தால் இளநிழல் தோன்றும். நெருக்கி இழுத்தால் நிழல் அடரும். அவற்றின் குறுக்கே மீண்டும் கோடுகள் இழுத்தால் இருள் சூழும். கோடுகளுக்கு மாற்றாகப் புள்ளிகளை இட்டும் நிழல் அமைக்கலாம். வாசலில் கோலமிடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் புள்ளியும் கோடும் புதியன அல்ல.

இக்கலைக்குத் தேவை பொறுமை. ஓவியர் சில்பி (1919–1983) கோயில்களுக்கே சென்று அமர்ந்து, சிற்பங்களையும் தூண்களையும் நுணுக்கமாக வரைந்தார். ஆனந்த விகடன் இதழில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் வரிசையில் அவை வெளிவந்தன. கோவாவில் வளர்ந்த மரியோ மிராண்டா (1926–2011) ஓவியப் பள்ளியில் முறையாகப் பயிலாதவர். சிறுவயதில் வீட்டுச் சுவர்களில் அவர் கிறுக்கியதைக் கண்ட தாய், வெற்றுத்தாள் ஏடு ஒன்றை வாங்கித் தந்தார். அதுவே அவருக்கு நாட்குறிப்பு ஆயிற்று. அன்றாடம் கண்டவற்றை அவர் படமாகவே எழுதினார். இவர்களின் ஓவியங்களை அச்சில் கண்டவர் பலர். வரையும் கையைக் கண்டவர் அருகில் நின்ற சிலரே. அக்கையைத் தொலைவில் இருப்போரும் காணும் வாய்ப்பைத் திறன்பேசி இன்று தந்துள்ளது. இது பெரும்பேறு. ஆயினும் இப்பேறு பலரால் சரியாகப் பயன்படுத்தப்படவில்லை.

மூன்று மணி நேரம் வரைந்த படத்தை ஒரு நிமிடக் காணொலியாகச் சுருக்குகின்றனர். அஃதாவது, 180 மடங்கு விரைவு! கை பறக்கிறது, கோடு தவறுவதே இல்லை, மாளிகை எழுந்துவிடுகிறது. உண்மையில் தவறிய கோடுகளும், திகைத்து நின்ற நேரமும் வெட்டி எறியப்பட்டிருக்கும். அதைக் காணும் பத்து வயதுச் சிறுவன் தானும் பேனாவை எடுக்கிறான். நான்காம் கோடு வளைந்துவிடுகிறது. ‘எனக்குக் கை வராது’ என்று எண்ணிப் பேனாவை வைத்துவிடுகிறான். அவனிடம் குறை இல்லை. முழு உண்மையைக் காட்டாத காணொலியே அவனைத் தளரச் செய்தது.

நாகபுரியில் வாழும் தமிழ் மாணவி ஒருத்தி, தன் குடியிருப்பின் எதிரே உள்ள தேநீர்க் கடையை வரைகிறாள் எனக் கொள்வோம். கூரையின் விளிம்பு சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. அவள் பேனாவை நிறுத்துகிறாள், சிந்திக்கிறாள், தாழ்ந்த கோட்டின் கீழே குறுக்குக்கோடுகள் இட்டு, அதைக் கூரையின் நிழலாக மாற்றிவிடுகிறாள். பார்ப்பவர் கற்றுக்கொள்வதற்கு உரிய பகுதி அந்த அரை நிமிடமே. அதை வெட்டிவிட்டால் மீதம் இருப்பது வெறும் விளம்பரம்.

‘நீண்ட காணொலியை யார் பார்ப்பார்?’ என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஒரே வகைக் கோடுகளை நூறு முறை இழுக்கும் பகுதியை விரைவுபடுத்துவதில் தவறில்லை. முதற்கோடு இடும் இடம், பிழை நேர்ந்த இடம், அதைத் திருத்திய இடம் ஆகிய மூன்றையும் இயல்பான வேகத்தில் காட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்தால் ஐந்து நிமிடங்களில் ஓர் ஓவியத்தின் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

அவ்வரலாற்றை எம்மொழியில் சொல்வது? வெளிமாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், பிறர்முன் தமிழில் பேசக் கூசுகின்றனர். சொல் தடுமாறுமோ என்று அஞ்சுகின்றனர். வரையும்போது அவ்வச்சம் குறைகிறது. கண் தாளில் இருக்கிறது. கை வேலையில் இருக்கிறது. பேச வேண்டிய பொருளோ கண்முன் இருக்கிறது. ‘இங்கே கோடு சாய்ந்துவிட்டது, இனி நிழல் போடுகிறேன்’ என்று சொல்வதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளையின் படத்தைக் காண்பதோடு, அதன் குரலையும் தம் மொழியில் கேட்பர். தமிழில் பேசினால் பார்ப்போர் குறைவர் எனக் கருதுவோர், இந்தியிலோ ஆங்கிலத்திலோ கீழ்வரிகளைச் சேர்க்கலாம். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. பெற்றோரின் இசைவு பெற்றே காணொலியை வெளியிடுதல் வேண்டும். கையும் தாளும் தெரிந்தால் போதும். முகமோ, பள்ளிச் சீருடையோ, வீட்டு எண்ணோ தெரிய வேண்டியதில்லை. பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் அவர் பெயரைச் சொல்லுதல் கடமை.

காணொலிக்கு எத்தனை விருப்பக்குறிகள் கிடைத்தன என்று எண்ணுவதைக் காட்டிலும், சென்ற மாதக் காணொலியையும் இம்மாதக் காணொலியையும் அருகருகே வைத்துக் காண்பது பயன் தரும். அன்று நடுங்கிய கோடு இன்று நேரே செல்வதையும், அன்று தயங்கிய தமிழ் இன்று தடையின்றி வருவதையும் அப்பிள்ளையே கண்டுகொள்ளும்.

சிந்தித்து எழுதுக

1. பேனா ஓவியத்தில் நிழல் அமைக்கும் முறைகள் யாவை?
2. பிழைகளை வெட்டிய காணொலி ஏன் தீங்கு விளைவிக்கும் எனக் கட்டுரை கூறுகிறது? நீங்கள் உடன்படுகிறீர்களா? காரணம் தருக.
3. உங்கள் வீட்டருகே உள்ள ஒரு காட்சியைப் பேனாவால் வரைக. வரைந்த முறையைத் தமிழில் பத்து வரிகளில் வகுப்பில் சொல்க.