மாங்கூழ் காத்திருக்கும், மாம்பழம் காத்திருக்குமா?

கிருஷ்ணகிரியிலும் ஆந்திர மாநிலம் சித்தூரிலும் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி, டிரம்மில் அடைத்து, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேற்றுகிறார்கள்.

சிக்கல் எங்கே?

டிரம்மில் அடைத்த கூழ் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். பழுத்த பழம் ஒரு வாரம் தாங்காது. பழைய சரக்கு குடோனில் தேங்கினால் ஆலைக்காரர் கொள்முதலைக் குறைக்கிறார். விவசாயி? கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்!

2025-ல் நடந்ததும் இதுதான். விலை படுத்தது. ஆந்திராவில் கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். வெளிமாநிலப் பழம் சித்தூருக்குள் வரத் தடையும் போட்டார்கள். பக்கத்து மாநில விவசாயிகள் பாடு திண்டாட்டம்!

கப்பல் போனால் மட்டும் போதாது. பூ பிடிக்கும்போதே ஆலைக்காரர் விலையை எழுதிக் கொடுக்கட்டும். அப்போதுதான் தோட்டக்காரர் பிழைப்பார்.