அடிக்கவில்லையே, பிறகென்ன?

புகுந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று படியேறி வரும் பெண்ணிடம் காவல் நிலையத்தில் முதலில் கேட்பார்கள்: "அடிச்சாரா?" இல்லை என்றால் அடுத்த கேள்வி: "சோறு போடறாரா?" போடுகிறார் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. மிச்சமெல்லாம் "நீயா மனசுல நினைச்சுக்கறது". இந்த விசாரணை முறை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஒரு மலைக்காக வழக்காடிய மக்களிடம் அமெரிக்க நீதிமன்றமும் இதையேதான் கேட்டது.

அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு மேலே நிற்கின்றன சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள். உயரம் சுமார் 3,850 மீட்டர். நவஹோ, ஹோப்பி, ஹவசுபாய், ஹுவாலபாய் உள்ளிட்ட பதின்மூன்று பூர்வகுடிகளுக்காவது அவை புனிதமானவை. நவஹோ நாட்டின் மேற்கெல்லை இந்த மலை. அவர்களுடைய வைத்தியர்கள் சடங்குக்கான மூலிகையையும் மண்ணையும் இங்கிருந்து எடுக்கிறார்கள். ஹோப்பி மொழியில் இதன் பெயருக்கே 'உச்சியில் பனியிருக்கும் இடம்' என்று பொருள். மழையையும் பனியையும் கொண்டுவரும் கச்சினாக்கள் என்னும் ஆவிகள் இங்கே வாழ்வதாக அவர்கள் நம்புகிறார்கள்.

அதே மலையின் சரிவில் 1938 முதல் ஒரு பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. அங்கே சறுக்க வருகிறவர்களும் மலையை நேசிப்பதாகத்தான் சொல்கிறார்கள். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே சரிவில் பாட்டியும் பேத்தியும் சறுக்கக் கற்றிருந்தால் அதுவும் ஓர் உறவுதான். ஆனால் அது வறண்ட நாட்டின் மலை. 2004-05 குளிர்காலத்தில் தளம் 139 நாள்கள் திறந்திருந்தது. 2001-02இல் திறந்திருந்தது வெறும் 4 நாள்கள். மலை தரும்போது வாங்கிக்கொள்வது போதவில்லை. தொழில் நிலைக்க வேண்டுமானால் செயற்கைப் பனி வேண்டும் என்றார்கள் தளத்தை நடத்தியவர்கள். நிலம் அரசின் வனத்துறையிடம் இருக்கிறது. 2005இல் வனத்துறை இசைந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, பருவத்தில் நாளொன்றுக்கு 15 லட்சம் கேலன் வரை குழாய் வழியே மலையேற்றிப் பனியாக்கித் தெளிக்கலாம். சுத்திகரித்தது என்றாலும் குடிக்க ஆகாத நீர். வீடுகள், மருத்துவமனைகள், பிணம் கழுவும் இடங்கள் எல்லாவற்றையும் கடந்து வந்த நீர்.

பூர்வகுடிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2007இல் மூன்று நீதிபதிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள். 2008இல் பெரிய அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. 2012இல் பனிப் பீரங்கிகள் இயங்கத் தொடங்கின.

பெரிய அமர்வு சொன்னதன் சாரம் இது: உங்களை மலைக்குப் போகவேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. வழிபட்டதற்காக யாரும் தண்டிக்கவில்லை. செடி எதுவும் அழியவில்லை. உங்கள் ஆன்மிக அனுபவத்தில் உங்களுக்குள் உண்டாகும் சங்கடம் மட்டும்தான் இதன் விளைவு. ஆகவே சட்டம் சொல்லும் 'கணிசமான சுமை' இல்லை.

அடிக்கவில்லை, சோறு போடுகிறார். பிறகென்ன?

பெண்ணியம் நமக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், தழும்பு தெரியாத காயத்தையும் காயம் என்று சொல்வது. படுக்கையறையில் நடந்ததைச் சொன்னவளிடம் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பது போலத்தான், மலை அவமதிக்கப்பட்டது என்பவரிடம் செத்துப்போன செடியைக் காட்டு என்பதும். எதை அளக்கலாம், எந்த அளவுகோலால் அளக்கலாம் என்பதை முடிவு செய்கிறவரே, அளவில் சிக்காததை 'வெறும் உணர்வு' என்று தள்ளவும் செய்கிறார்.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்தாள். "தீட்டுன்னு சொல்லித்தானே மேடம் நம்மள கோயிலுக்கு வெளியே நிறுத்துனாங்க? இப்ப இவங்க தண்ணியத் தீட்டுன்னு சொன்னா மட்டும் நாம ஏன் ஒத்துக்கணும்?"

கேட்க வேண்டிய கேள்வி. தீட்டு ஒரு மனித உடலைக் குறிவைக்கிறது. பிறப்பைச் சொல்லியோ உதிரத்தைச் சொல்லியோ கதவைச் சாத்துகிறது. பூர்வகுடிகள் யார் உடலையும் சுட்டவில்லை. விரிவாக்கத்தை எதிர்த்து 1983இலேயே தோற்றவர்கள் அவர்கள். இந்த வழக்கில் சறுக்குகிறவர்களை மலையிலிருந்து இறக்கிவிடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இந்த நீரைக் கொட்டாதீர்கள் என்றார்கள், அவ்வளவே. அதோடு, நவஹோக்களிடம் 'கினால்டா' என்றொரு சடங்கு உண்டு. வயதுக்கு வந்த பெண்ணை மூலையில் உட்கார வைப்பதில்லை. அவள் கிழக்கு நோக்கி ஓடுகிறாள். மக்காச்சோள மாவைக் கரைத்து, மண்ணுக்குள் இரவெல்லாம் வேகவைத்த பெரிய அப்பத்தை ஊருக்கே பகிர்கிறாள். முதல் உதிரம் அங்கே வரம். குலம் தாய்வழியில் வருகிறது. அவர்களுடைய புனிதத்தை நம் தீட்டோடு ஒன்றாக்குவது, நம் காயத்தைக் கொண்டு அவர்கள் வாயை அடைப்பது.

சறுக்குத் தளத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய கூலிக்கு வழிசெய்ய வேண்டியது முதலாளியும் அரசும். அந்தச் சுமையையும் மலையின் தலையில், அதை வணங்குகிறவர்களின் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

பனிச்சறுக்கை நேசிக்கும் பெண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விருப்பமில்லாத நாளில் விருப்பத்தை வரவழைத்துக்கொள்ளும் ஆணைப் பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம். 2001-02இல் அந்த மலை நான்கு நாள்தான் தந்தது. நான்கு நாள் சறுக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.