மருந்துக்கு மாதம் உண்டு, நம் பெண்களுக்கு ஊர் இல்லையா?



நம் குடியிருப்புகளில் ஒரு பெண் பேறுகாலத்தில் இறந்தால் மூன்று காரணங்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. வீட்டார் விதி என்கிறார்கள். ஆஸ்பத்திரியில், கடைசி நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்கிறார்கள். மேடையில் பேசும் கனவான்கள், கூலி ஜனங்களுக்கு விவரம் போதாது என்கிறார்கள். இந்த மூன்றையும் நாம் மறுக்கிறோம்.

விதி என்றால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமே! 2018-20 ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் கேரளத்தில் 19 தாய்மார் இறந்தார்கள், மகாராஷ்டிரத்தில் 33, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195. நாடு ஒன்று, மருந்தும் ஒன்று. மாநில எல்லையைப் பார்த்தா விதி மாறுகிறது? மாறுவது கவனிப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு மாதம் தாராவியிலும் மூன்று மாதம் திருநெல்வேலிச் சீமையிலும் சுமக்கிற பெண்ணுக்கு இந்தக் கணக்கில் தனிக் கட்டமே கிடையாது.

ஆபத்து முன்னறிவிப்பின்றி வருவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான ஆபத்துகளை முன்கூட்டியே பார்த்துவிடலாம். ரத்தக் கொதிப்பு 140/90-ஐ எட்டினால் ஆபத்து. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் போனால் ஆபத்து. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. முன்பு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்திருந்தால், இரட்டைப் பிள்ளை என்றால், நஞ்சு கருப்பையின் வாயை மூடிக்கொண்டிருந்தால், தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆபத்து. இவற்றைக் கண்டுபிடிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஒரு கைப்பட்டை, ஒரு சொட்டு ரத்தம், ஒரு சோனோகிராபி போதும்.

மருந்தும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மாதம் இருக்கிறது. கொதிப்பு வரக்கூடிய பெண்ணுக்குச் சிறு அளவு ஆஸ்பிரின் மாத்திரையை மூன்றாம் மாத முடிவில் தொடங்கினால்தான் முழுப் பலன். ரத்தசோகைக்கு நரம்பில் இரும்புச் சத்து ஏற்றினாலும் ரத்தம் ஊற வாரக் கணக்கில் ஆகும்; வலி எடுத்த பிறகு ஏற்றிப் பயனில்லை. நெகட்டிவ் ரத்தத் தாய்க்குரிய ஊசி 28-வது வாரத்தில் ஒன்று. பிறந்த பிள்ளையின் ரத்தம் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஒன்று. இது தவறினால் இந்தப் பிள்ளை தப்பினாலும் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. குறைமாதத்தில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு நுரையீரல் பலப்பட, 34 வாரத்துக்கு முன்பாகத் தாய்க்கு ஊசி போட வேண்டும்.

இப்போது நம் வழக்கத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் கைகளோடு ஒன்றரை நாள் ரயில். எந்த மாதத்தில் மருத்துவர் கண் அகலாமல் பார்க்க வேண்டுமோ, அந்த மாதத்தில் நம் பெண் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் உட்கார்ந்திருக்கிறாள்!

இங்கே, "ஊருக்குப் போகிறவள்தானே, அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே, "முதல் மாதத்திலிருந்து இங்கே பதியவில்லையே, பிக்மி எண் எங்கே?" என்று கேட்கிறார்கள். கையில் இருக்கும் அட்டை மராத்தியில் அச்சடித்தது. கேஸ் பேப்பர் தகரப் பெட்டிக்குள் தாராவியிலேயே கிடக்கிறது. ஆறு மாதம் பார்த்த பார்வை அத்தனையும் ரயிலேறும்போது அழிந்துபோகிறது. பிறகு வலிப்பு கண்டு தூக்கிக்கொண்டு ஓடினால், "கடைசி நேரத்தில் வந்தாள்" என்று எழுதுகிறார்கள். அவள் கடைசி நேரத்தில் வரவில்லை ஐயா! மூன்றாம் மாதமே வந்தாள். நீங்கள்தான் அவளைத் தொலைத்துவிட்டீர்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் இலவசப் பரிசோதனை நடக்கிறது. ஆபத்துள்ள பெண்ணின் அட்டையில் சிவப்பு ஒட்டு ஒட்டுகிறார்கள். 2022-இல் திட்டத்தை விரித்து, சிவப்பு ஒட்டுப் பெண்ணைப் பிரசவம் வரை பின்தொடர வேண்டும், கூடுதலாக மூன்று முறை பரிசோதனைக்கு அழைத்துவர வேண்டும், அவளுக்கும் ஆஷா ஊழியருக்கும் ஊக்கத்தொகை தர வேண்டும் என்றார்கள். நல்லது. ஆனால் கட்டட வேலை நடக்கும் தகரக் கொட்டகைக்கு எந்த ஆஷா வருகிறார்? 9-ஆம் தேதி வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியை யார் தருகிறார்கள்? எட்டாம் மாதத்தில் ரத்தக் கொதிப்பு ஏற நாலு நாள் போதும். அது அடுத்த 9-ஆம் தேதி வரை காத்திருக்குமா?

உதவித்தொகையின் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய். இரண்டாவது ஆண் என்றால் இல்லை. மூன்றாவதற்கு எதுவானாலும் இல்லை. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயும் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே. ஆனால் ஐந்தாவது பிள்ளையைச் சுமக்கிறவளுக்குத்தானே உதிரப்போக்கு ஆபத்து அதிகம்? இரண்டு முறை வயிற்றைக் கிழித்தவளுக்குத்தானே மூன்றாம் முறை நிபுணர் தேவை? ஆபத்து தொடங்கும் இடத்தில் உதவி நிற்கிறது! பிள்ளை பெற்றதற்குத் தண்டனையா இது?

இந்த நகரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்று வாதாடினார். 1929-இல், தொழிற்சாலைப் பெண்களுக்கான பேறுகாலச் சட்டம் நாட்டிலேயே முதலாவதாக இங்கேதான் வந்தது. 2017-இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. ஆனால் வீட்டு வேலை செய்கிறவளுக்கும், நாக்காவில் நின்று கூலிக்குப் போகிறவளுக்கும், விடியற்காலை இட்லி அவித்து விற்கிறவளுக்கும் அதில் ஒரு வாரமாவது கிடைத்ததா? அண்ணல் பேசி ஏறத்தாழ நூறு வருஷம் ஆகப்போகிறது.

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியிருக்கிறது. "எங்கள் காலத்தில் நாங்கள் பெறவில்லையா?" என்று கேட்கும் மாமியார்மாரை வணங்கிச் சொல்கிறோம்: பெற்றீர்கள், தாயே, பெறும்போதே போனவர்கள் இன்று வந்து பேச முடியாது. முகம் வீங்கினால் நீர் கோத்திருக்கிறது, தலைவலித்தால் வெயில், கண் இருண்டால் சத்துக் குறைவு என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, உதிரம், பிள்ளைத் துடிப்புக் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த மணியே ஆஸ்பத்திரி. இரவு என்று பார்க்காதீர்கள், 108-க்குச் சொல்லுங்கள். சிவப்பு ஒட்டு உள்ள பெண்ணை மருத்துவரைக் கேட்காமல் ரயிலேற்றாதீர்கள். வளைகாப்பை இங்கேயே நடத்துங்கள். அம்மாவை இங்கே வரவழையுங்கள். வளையல் தாராவியில் போட்டாலும் ஒலிக்கும்.

நாம் கேட்பது இவைதாம்:

ஊருக்குப் போகும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ரத்த வகை, ரத்தக் கொதிப்பு, ஹீமோகுளோபின், முந்தைய ஆபரேஷன், கொடுக்கும் மருந்து இவை எழுதிய ஒரு தாளை ஆங்கிலத்தில் கொடுத்தனுப்ப வேண்டும். எந்த மாநிலத்தில் ஒட்டிய சிவப்பு ஒட்டானாலும் எல்லா மாநிலத்திலும் அது செல்ல வேண்டும். மறுபதிவு கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. எத்தனையாவது பிள்ளை என்று எண்ணாமல், ஆபத்துள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் உதவித்தொகையும், பரிசோதனை நாளுக்குக் கூலி ஈடும் தர வேண்டும். தமிழ்க் குடியிருப்புகளை அடுத்த ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரை அமர்த்த வேண்டும்.

அரசு செய்யும் வரை சங்கம் கைகட்டி நிற்காது. கிளைதோறும் இரண்டு பெண் தோழர்கள் தெருத் தெருவாகக் கர்ப்பிணிகளின் பெயரேடு எழுதட்டும். 9-ஆம் தேதி காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஊருக்குப் போகிறவளின் தாளைப் படம் எடுத்து, போய்ச் சேரும் ஊரின் கிராம செவிலியருக்கு அனுப்பட்டும்.

இந்த நகரத்தின் மாடிகளை நம் பெண்கள் தலையில் செங்கல் சுமந்து ஏற்றினார்கள். அவர்கள் வயிற்றில் சுமப்பதையும் இந்த நகரம் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். பிச்சையாக அல்ல, உரிமையாகவே கேட்கிறோம்.