ராஜாவுக்குக் காய் உண்டு, குடியானவனுக்கு?



"டிப்ளமோ படிக்கிறவனுக்கு இங்கிலாந்து ராஜா கதை எதுக்குடா?" என்று கேட்பவர்கள் நம் விடுதியிலேயே உண்டு. சார்ட் பேப்பரில் நாட்டுப்படம் வரைந்து, சோடா மூடிகளைப் படைகளாக வைத்து, பகடை உருட்டி நாங்கள் நாலு பேர் ஆடும் போர் விளையாட்டுக்காகத்தான் அதைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று உறுதியாயிற்று. போரை வைத்து விளையாட்டு செய்தால், அந்தப் போருக்குச் சோறு போட்டவனுக்கும் பலகையில் இடம் வேண்டும்.

கதை இதுதான். மன்னர் முதலாம் ஹென்றியின் மகன் 1120-ல் கப்பல் மூழ்கி இறந்தான். "எனக்குப் பிறகு மகள் மெட்டில்டாதான்" என்று பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினார். 1135-ல் அவர் கண்மூடியதும், சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடினார். 1139-ல் மெட்டில்டா கடல் கடந்து வந்து இறங்க, சண்டை 1153 வரை இழுத்தது.

1141 பிப்ரவரியில் லிங்கன் நகரில் ஸ்டீபனே கைதியானார். செஸ் என்றால் ஆட்டம் முடிந்தது! இங்கே முடியவில்லை. அதே செப்டம்பரில் மெட்டில்டாவின் அண்ணன் ராபர்ட் பிடிபட்டார். அவரைக் கொடுத்து இவரை வாங்கினார்கள். மறுபடி முதலிலிருந்து!

இந்தப் போரில் பெரிய களச்சண்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கோட்டை முற்றுகைதான். அந்தக் கோட்டைகளைக் கட்டியது யார்? பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்: பிரபுக்கள் ஏழை ஜனங்களை வதைத்து வேலை வாங்கினார்கள், ஊர்கள்மேல் வரி போட்டார்கள், கொடுக்க ஒன்றுமில்லை என்றதும் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். 1156-ஆம் ஆண்டு அரசுக் கணக்கில் பல பகுதிகளின் நிலம் 'பாழ்' என்று எழுதி வரியைத் தள்ளியிருக்கிறார்கள். அத்தனையும் போரால் பாழானதா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த ஊர்க்காரன் பெயரை யாரும் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க தாத்தா பெயரும் எந்த ஏட்டிலும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, என் கண் ராஜாவை விட்டு அந்த ஊர்க்காரன் மேலேயே போனது.

"கிராமத்துக்கெல்லாம் ரூல் போட்டா ஆட்டம் மந்தமாயிடும்டா" என்றான் நண்பன். லோடைக் கணக்கில் எடுக்காமல் பீம் டிசைன் பண்ணுவாயா என்று கேட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று புளியங்கொட்டை வைத்தோம். படை தங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று போகும். மூன்றும் போனால் வரியும் இல்லை, படைக்குச் சோறும் இல்லை.

என்ன ஆச்சு தெரியுமா? பத்தாவது சுற்றில் பாதிப் படம் காலி. ஜெயிக்கத் துடித்த இரண்டு கட்சியும் தானாகவே பேச்சுவார்த்தைக்கு வந்தது! நிஜத்திலும், 1153-ல் பிரபுக்களே மேற்கொண்டு சண்டையிட மனமில்லாமல் நின்றார்கள். சாகும்வரை ஸ்டீபன் ஆளட்டும், பிறகு மெட்டில்டாவின் மகன் ஹென்றி என்று ஒப்பந்தமாயிற்று.

அந்த ஒப்பந்தத்தைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். அதன் பின்னால் இருந்த பசியைப் புளியங்கொட்டைதான் எனக்குக் காட்டியது. நண்பர்களே, நீங்கள் எந்த நாட்டுப் போரைப் படித்தாலும், ஆடினாலும், யார் ஜெயித்தான் என்பதோடு நிறுத்தாதீர்கள். யார் வீட்டு நெல்லைத் தின்று ஜெயித்தான் என்றும் கேளுங்கள்!

— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்