தோம்புக்கு ஏற்ற கச்சை

விடுமுறை கிடைத்தால் தியோமானுக்கோ பெர்ஹெந்தியானுக்கோ முக்குளிக்கக் கிளம்பிவிடும் முன்னாள் மாணவர்களில் நானும் ஒருவன். அண்மைக் காலமாக இளையவர்கள் சிலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சைட்மவுண்ட் கச்சை எந்த நிறுவனத்துடையது நல்லது?" நிறுவனத்தைப் பற்றிக் கேட்கும் முன் தோம்பைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. (தமிழ் இதழில் தோம்புக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு: ஆங்கிலத்திலேயே பேசிப் பழகிய இந்தக் கருவிக்குக் 'கச்சை' என்ற நம் சொல் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்!)

வழக்கமான முக்குளிப்பில் காற்றுத் தோம்பு முதுகில் இருக்கும். சைட்மவுண்டில் இரண்டு தோம்புகள் அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை உடலின் இருபுறமும் கிடக்கும். 1960களில் இங்கிலாந்தில் நீர் நிறைந்த குறுகிய குகைகளில் நுழைந்தவர்கள், முதுகுச் சுமை பாறையில் சிக்காமலிருக்கத் தோம்பை இப்படிப் பக்கவாட்டில் கட்டினார்கள். பிறகு அமெரிக்காவின் புளோரிடா குகைகளில் இந்த முறை வளர்ந்தது. அங்கே எஃகுத் தோம்புகளே பெருவழக்கு. கடையில் தொங்கும் பெரிய கச்சைகள் பல அந்த வழியில் வந்தவை.

நம் தீவுகளில் வாடகைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியத் தோம்பு. அதன் குணம் வேறு. நிரம்பியிருக்கையில் மூழ்கும், காற்று குறையக் குறைய மிதக்கும், காலியானதும் ஏறத்தாழ 2 கிலோகிராம் விசையோடு மேலே இழுக்கும். வால்வும் ரெகுலேட்டரும் கழுத்துப் பக்கத்தைக் கனமாக வைத்திருப்பதால் அடிப்பகுதிதான் வாலைப் போல மேலே கிளம்பும். எஃகுத் தோம்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் எஃகுக்கென்று செய்த கச்சையில், கொக்கி மாட்டும் இடம் பின்புறத் தகட்டில் நிலையாக இருந்தாலே போதும். அலுமினியத்துக்கு இடுப்பு வாரின் முன்பக்கத்திலும் ஒரு வளையம் வேண்டும். பாதி முக்குளிப்பில் கொக்கியை அங்கே மாற்ற வேண்டும். மெக்சிகோவின் யுகத்தான் குகைகளில், வெதுவெதுப்பான நீரில், அலுமினியத் தோம்போடு இறங்குபவர்கள் உருவாக்கிய எளிய கச்சைதான் நமக்கு நெருங்கிய உறவு.

மிதவைப் பையும் அப்படித்தான். இரண்டு தோம்புகளிலும் உள்ள காற்றின் எடை சுமார் 5 கிலோகிராம். காற்றுக்கு எடையா என்று சிரிக்க வேண்டாம். அந்த எடையையும், ஆழத்தில் நம் மெல்லிய உடை இழக்கும் மிதப்பையும் ஈடுகட்டினால் போதும். 20 கிலோகிராம் தூக்கும் பை எதற்கு? பாதி காலியான பெரிய பையில் காற்று அங்குமிங்கும் ஓடி ஆளைப் புரட்டும்.

பிடிபிடிஎன் கடனில் படிப்பவர் சொந்தமாகவே கச்சை செய்யலாமா? வார்களைத் தாராளமாகச் செய்யலாம். இரண்டு அங்குல நைலான் வார், துருப்பிடிக்காத எஃகு வளையங்கள், தோம்பின் கழுத்தை அக்குளோடு பிடித்துவைக்க ரப்பர் கயிறு ஆகியவை போதும். அளவெடுக்கும்போது முக்குளிப்பு உடையை அணிந்திருங்கள். வெட்டிய முனையை நெருப்பில் உருக்கி மூடுங்கள். முதலில் சற்று நீளமாகவே விட்டுவையுங்கள். ஆனால் மிதவைப் பையையும் ரெகுலேட்டரையும் வீட்டில் செய்ய முயலவே கூடாது. உயிர் அவற்றை நம்பியிருக்கிறது.

இன்னொன்று. இரண்டு தோம்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல. முறை மாற்றி மாற்றிச் சுவாசித்து, இரண்டிலும் மேலே வரப் போதுமான காற்றை மிச்சம் வைக்க வேண்டும். அதைக் கச்சை கற்றுத்தராது. பயிற்றுநரிடம்தான் கற்க வேண்டும். 12 மீட்டர் ஆழத்தில் பவளம் பார்க்கப் போகிறவருக்கு முதுகில் ஒரு தோம்பே நிறைவு. முதுகு வலிக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன்: நீரில் இறங்கிய பிறகு தோம்புகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம் என்பது பெரிய வரம்.

கச்சை தயாரானதும் பயிற்றுநரோடு நீச்சல் குளத்தில் இறங்குங்கள். தோம்புகளில் 50 பார் மட்டும் இருக்கும்போது நண்பரை விட்டுப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தோம்பின் அடி உங்கள் முதுகுக்கு மேலே தெரிந்தால் வளையத்தை இரண்டு விரலளவு முன்னே நகர்த்தி, மறுபடியும் படம் எடுங்கள்.